டண்டி, நியூகாசல் நிலக்கரி ஊர்களில் நம் முன்னோர் தடம் தேடிச் செல்வோருக்கு

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிடுகிறேன். நீங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறீர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒரு பழைய சுரங்க ஊருக்கு அழைத்துப் போக நினைக்கிறீர்கள். பயண முகவர் கிம்பர்லியையும் பில்கிரிம்ஸ் ரெஸ்டையும் சொல்கிறார். உங்கள் ஆயாவோ, தன் தகப்பனார் டண்டிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். டண்டிக்குப் போனால் பார்க்க ஏதாவது கட்டடம் மிச்சம் இருக்கிறதா, இல்லை வெறும் புல்வெளிதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டண்டிக்குப் போங்கள். கட்டடங்கள் இருக்கின்றன, நல்ல நிலையிலும் இருக்கின்றன. ஆனால் அங்கே காப்பாற்றி வைத்திருப்பவை பெரும்பாலும் முதலாளியின் வீடும் தளபதியின் கல்லறையும்தான். உங்கள் பூட்டனார் படுத்துறங்கிய இடம் எந்த வழிகாட்டிப் பலகையிலும் இருக்காது. அவரைச் சிறைகளிலும், ரயில் நிலையங்களிலும், ஒரு நெடுஞ்சாலையிலும், பெயர் பொறிக்காத கல்லறைகளிலும், எல்லாவற்றுக்கும் முன்பாக ஒரு பதிவேட்டிலும் தேட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு போனால் அந்தப் பயணம் வீண்போகாது.

கிம்பர்லியை ஒதுக்கச் சொல்லவில்லை. 1871இல் அங்கே வைரம் கிடைத்ததிலிருந்து 1914 ஆகஸ்டில் வேலை நிற்கும்வரை, ஒரு குன்று இருந்த இடத்தில் இரண்டேகால் கோடி டன் மண்ணை வெட்டி அள்ளி 2,722 கிலோ வைரம் எடுத்தார்கள். அந்தப் பெரும்பள்ளத்தின் விளிம்பில் நின்று பார்த்தால் மனித உழைப்பு எவ்வளவு பெரியது என்பது நெஞ்சில் இறங்கும். தென் கோளத்தில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்த தெருக்கள் கிம்பர்லியின் தெருக்கள், அது 1882இல். ஏஞ்சல் தெருவில் கறுப்பின எழுத்தாளரும் அரசியல் தலைவருமான சோல் பிளாட்ஜே வாழ்ந்த வீடு இருக்கிறது, அதைத் தவறாமல் பாருங்கள். வைர அதிபர்களின் மாளிகைகளும் அப்படியே நிற்கின்றன. இந்தியர், மலாய்க்காரர், ஆப்பிரிக்கர் எல்லாரும் கலந்து வாழ்ந்த மலாய் கேம்ப்பை மட்டும் இடித்துவிட்டார்கள். பில்கிரிம்ஸ் ரெஸ்ட் வேறு மாதிரி. 1873இல் தங்கத்துக்காக எழுந்த ஊர். சுரங்கம் 1970களின் தொடக்கத்தில் மூடியதும் மாகாண அரசு ஊரையே மொத்தமாக வாங்கியதால் தகர வீடுகள் வரிசையாகத் தப்பின. அங்கே சுரங்கம் நடத்தியதும் ஊரை வைத்திருந்ததும் பெரும்பாலும் ஒரே கம்பெனி. அதனால்தான் ஒரே கையெழுத்தில் எல்லாம் பிழைத்தது.

டண்டியும் நியூகாசலும் இருக்கும் வட நேட்டால் நிலக்கரிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பிகர்ஸ்பெர்க் மலைத்தொடரைச் சுற்றி, பண்ணை நிலங்களுக்கு நடுவே, வெவ்வேறு கம்பெனிகளின் சுரங்கங்கள் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் தனக்கெனத் தொழிலாளர் தங்கும் ஒரு வரிசைத் தகரக் கூரை லைன் வீடுகள், ஒரு கடை, ஒரு ரயில் கிளைத்தடம் வைத்திருந்தது. நிலக்கரி தீர்ந்தபோது ஒன்றன்பின் ஒன்றாக மூடினார்கள். மூடியதும் தகரத்தையும் தண்டவாளத்தையும் கழற்றி விற்றுவிட்டார்கள். நிலம் மாட்டுப் பண்ணையாகத் திரும்பிவிட்டது. எந்த அருங்காட்சியகமும் வேண்டாமென்று ஒதுக்கியதால் அழிந்தவை அல்ல அவை. கேட்பதற்கு யாரும் அந்த நிலத்தில் தங்கவில்லை என்பதுதான் காரணம்.

டண்டியில் தொடங்க வேண்டிய இடம் தலானா அருங்காட்சியகம். ஊரின் கிழக்கே தலானா குன்றின் அடிவாரத்தில், பீட்டர் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் பண்ணையிலேயே அது அமைந்திருக்கிறது. தன் தாய்நாட்டு ஊரின் பெயரை இந்த ஊருக்கு வைத்தவர் அவர். முதலில் பண்ணையில் மேலாகக் கிடந்த நிலக்கரியை வெட்டி மாட்டுவண்டியில் அனுப்பினார். பிறகு 1889இல் கம்பெனியாக்கி லண்டனில் பங்கு திரட்டினார். அவர் வாழ்ந்த கல்வீடு, வண்டிக் கொட்டகை, தொழுவம் எல்லாம் பழைய நிலைக்குச் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. நிலக்கரிக்கென்று தனிப் பகுதி உண்டு. விளக்குகள், தலைக்கவசங்கள், தள்ளுவண்டிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பிள்ளைகளை அங்கே நிதானமாக நிற்க வையுங்கள். அறை-தூண் முறை என்பதை விளக்கிச் சொல்லுங்கள்: நிலக்கரிப் படுகையில் அறை அறையாகக் குடைந்து, கூரை விழாமலிருக்க நடுவே நிலக்கரித் தூண்களையே விட்டுவைப்பார்கள். கடைசியில் அந்தத் தூண்களையும் வெட்டி எடுத்துக்கொண்டு பின்வாங்குவார்கள். கூரை இறங்குவது பெரும்பாலும் அப்போதுதான். நேட்டால் சுரங்கங்களில் எரிவாயுவும் அதிகம். ஒரு தீப்பொறி போதும். இதைச் சொன்னால்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சிறிய விளக்கு வலைக்கூட்டுக்குள் ஏன் எரிகிறது என்பது பிள்ளைகளுக்குப் புரியும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் தலானாவுக்குப் போருக்காக வருகிறார்கள். 1899 அக்டோபர் 20ஆம் தேதி ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) நடந்த போரின் முதல் பெரிய சண்டை அந்தக் குன்றில்தான் நடந்தது. பனிமூட்டம் விலகிய காலையில் போயர்கள் குன்றின் மேலிருந்து சுட்டார்கள். ஆங்கிலேயர் ஏறிப் பிடித்தார்கள். ஆனால் அவர்களுடைய தளபதி பென் சைமன்ஸ் வயிற்றில் குண்டு பாய்ந்து மூன்று நாளில் இறந்தார். செயின்ட் ஜேம்ஸ் தேவாலயத்தின் முற்றத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தபோது படையே ஊரைக் கைவிட்டு லேடிஸ்மித்துக்கு இரவோடிரவாகப் பின்வாங்கிவிட்டிருந்தது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டண்டி போர்முனைக்கு மிக முன்னால், ஆபத்தான இடத்தில் இருந்தது. அங்கே படையை நிறுத்தியதற்கு நிலக்கரி ஒரு பெரிய காரணம். ரயிலும் டர்பன் துறைமுகத்துக் கப்பல்களும் அந்த நிலக்கரியில்தான் ஓடின. அதாவது அந்தத் தளபதி காக்க வந்தது நம் முன்னோர் தோண்டிய பொருளை. தலானாவின் போர்ப் பகுதியும் நிலக்கரிப் பகுதியும் வெவ்வேறு அறைகளில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு நீங்கள் இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்.

உங்கள் பூட்டனார் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்? 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனில் நங்கூரமிட்டது. அன்றிலிருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தத்தில் வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டம் என்று சொல்லி ஏற்றிவந்தவர்களில் பலரை, நிலக்கரி பெருகியதும் வடக்கே மலைக்கு அனுப்பினார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மாதம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும், அதோடு ரேஷன். கடற்கரையின் வெக்கையில் பழகியவர்களுக்கு டண்டிக் குளிர் எப்படி இருந்திருக்கும் என்பதை ஜூலை மாதக் காலையில் அங்கே புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தால் அறியலாம். பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தபின் வந்தது அதைவிடப் பெரிய சுமை. 1895இல் நேட்டால் அரசு போட்ட சட்டத்தின்படி, மறு ஒப்பந்தம் எழுதாமலும் ஊர் திரும்பாமலும் இங்கேயே இருக்க நினைத்தவர் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். பெண்களுக்கும் உண்டு, பின்னால் 13 வயதுப் பெண்பிள்ளைக்கும் 16 வயது ஆண்பிள்ளைக்கும்கூட வந்தது. மாதம் 14 ஷில்லிங் வாங்கியவருக்கு மூன்று பவுன் என்றால் நான்கு மாதத்துக்கு மேற்பட்ட கூலி. அதைக் கட்ட முடியாமல் மறுபடியும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஏராளம். சட்டத்தின் நோக்கமே அதுதான்.

டண்டியிலிருந்து வடக்கே காரை ஓட்டுங்கள். ஹாட்டிங்ஸ்ப்ரூட், டான்ஹவுசர், பாலன்கீச், நியூகாசல் என்று போகும் இந்தப் பாதைதான் நான் சொல்ல வந்த பெரிய பாரம்பரியச் சின்னம். கல்லும் சுண்ணாம்பும் அல்லாத சின்னம். ஹாட்டிங்ஸ்ப்ரூட் இன்று கண்ணில் படாமல் கடந்துவிடக்கூடிய ஒரு சிற்றூர். 1899 அக்டோபரில் போர் தொடங்கும் தறுவாயில், ஜோகன்னஸ்பர்க் சுரங்கங்களில் வேலையிழந்த ஏறத்தாழ 7,000 ஜூலுத் தொழிலாளர்கள், மார்விக் என்ற அதிகாரியின் துணையோடு எல்லை தாண்டி நடந்து வந்து சேர்ந்த இடம் அது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, மூன்று பவுன் வரியை எதிர்த்து, நம்மவர்கள் அதே மலைவழியில் எதிர்த் திசையில் நடந்தார்கள். ஜூலுத் தொழிலாளர் நடையை விட்டுவிட்டு நம் நடையை மட்டும் பேசுவது சரியல்ல என்பது என் எண்ணம். ஒரே சுரங்க முதலாளித்துவத்தின் இரண்டு முனைகள் அவை.

டான்ஹவுசர் பக்கத்தில் டர்னகால் என்ற சுரங்கக் குடியிருப்பு உண்டு. பிற்காலச் சுரங்க ஊர் எப்படி இருந்தது என்று பார்க்கக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு கடந்தால் போதும். ஒரு எச்சரிக்கை: வழியில் கறுப்புக் கழிவு மேடுகள் தெரியும். பிள்ளைகளை அவற்றின் மேல் ஏறவிடாதீர்கள். நிலக்கரிக் கழிவு தானாகவே உள்ளே கனன்று எரியும், மேலே பார்த்தால் தெரியாது. பழைய குடைவுகளின் மேல் நிலம் உள்வாங்குவதும் உண்டு. மேட்டின் அடியில் தேங்கும் தண்ணீரிலும் கை வைக்க வேண்டாம், அது அமிலத் தண்ணீர். வேலிக்குள் நுழையும் முன் பண்ணைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். முறையாகக் கேட்டால் பெரும்பாலும் விடுகிறார்கள், சிலர் கூடவே வந்தும் காட்டுகிறார்கள்.

நியூகாசலில் காட்டப்படும் கட்டடங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் ஏமியல், 1876இல் வடக்கே இருந்த டிரான்ஸ்வால் என்ற போயர் நாட்டை ஆங்கிலேயர் இணைத்துக்கொள்ளத் தயாரானபோது கட்டிய கோட்டை, இன்று அருங்காட்சியகம். மணற்கல்லில் எழுந்த நகர மண்டபம், விக்டோரியா அரசியின் வைரவிழாவை ஒட்டி 1897இல் தொடங்கி 1899இல் முடிந்தது. ஊருக்கு வெளியே ஹில்ட்ராப் வீடு, எழுத்தாளர் ரைடர் ஹாகார்ட் 1881இல் வாழ்ந்தது. முதல் போயர் போருக்குப் பிந்திய பேச்சுவார்த்தைக்காக வந்த ஆணையத்தார் அதை வாடகைக்கு எடுத்தார்கள். மூன்றும் பார்க்கத் தகுந்தவை. நேரம் குறைவு என்றால் நகர மண்டபத்தை மட்டும் பாருங்கள், நிலக்கரிப் பணம் கல்லாக மாறினால் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நியூகாசலில் நம்முடைய கட்டடம் என்றால் அது ஒரு சிறிய வீடு. டி. எம். லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் இரண்டு மூன்று அறை கொண்ட வீடு. 1913 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பதினொரு பெண்கள் அங்கே வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவர்களில் ஒருவர். ஒருவர் கருவுற்றிருந்தார், ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. இந்து, முஸ்லிம் முறைப்படி நடந்த திருமணங்கள் செல்லாது என்று கேப் நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்புச் சொன்னதில் அவர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். கைதாவதற்காகவே மாகாண எல்லையை அனுமதிச் சீட்டில்லாமல் கடந்து பார்த்தார்கள், உரிமம் இல்லாமல் கூவி விற்றுப் பார்த்தார்கள். யாரும் அவர்களைக் கைது செய்யவில்லை. பிறகுதான் நிலக்கரிச் சுரங்கத்துக்கு வந்தார்கள். லைன் வீடுகளுக்குள் போய், தொழிலாளிகளிடமும் அவர்கள் மனைவிகளிடமும் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள்.

அக்டோபர் 16ஆம் தேதி நியூகாசலுக்கு அருகே ஃபேர்லி சுரங்கத்தில் 78 பேர் வேலையை நிறுத்தினார்கள். தம்பி நாயுடு கூடவே இருந்தார். மொரிஷியசில் பிறந்து ஜோகன்னஸ்பர்க்கில் தமிழர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர், பலமுறை சிறை சென்றவர். அவரை நம் பிள்ளைகளுக்குக் காந்திக்கு அடுத்த நிலையிலாவது சொல்லிக்கொடுக்காமல் இருப்பது பெரிய குறை என்று நான் கருதுகிறேன். இரண்டு வாரத்துக்குள் வேலைநிறுத்தம் சுரங்கம் சுரங்கமாகப் பரவி நாலைந்தாயிரம் பேரைத் தொட்டது. சுரங்க நிர்வாகங்கள் லைன்களில் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்தின, சாமான்களை வெளியே எறிந்தன. வீடு கம்பெனியின் வீடு, உணவு கம்பெனியின் உணவு என்பதால் வேலைநிறுத்தம் என்றாலே வெளியேறுவதுதான். மக்கள் மூட்டையோடும் குழந்தையோடும் லாசரஸ் வீட்டு முற்றத்தில் வந்து குவிந்தார்கள். தன் வாழ்வும் சொத்தும் போகலாம் என்று தெரிந்தே அவர் கதவைத் திறந்து வைத்தார். அவ்வளவு பேருக்கு அந்த வீட்டில் இடம் ஏது? திறந்த வெளியில் படுத்தார்கள். நியூகாசலின் இந்திய வணிகர்கள் பாத்திரமும் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்களை அக்டோபர் 21ஆம் தேதி கைது செய்து மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். அவர்களை அடைத்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் பழைய சிறை இன்றும் பர்கர் தெருவில் நிற்கிறது. டர்பனிலிருந்து வரும் வழிதான், அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நிலக்கரி ஊர்ப் பயணத்தை அந்தச் சிறையில் தொடங்குவதே முறை என்பேன். பின்னால் அணி அணியாகச் சிறை சென்றவர்களில் ஒருத்தி தில்லையாடி வள்ளியம்மை. பதினாறு வயது. காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தாள். ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்ஃபோன்டைன் மயானத்தில் அவளுக்கும், 1909இல் சிறைக் குளிரில் நோயுற்று இறந்த நாகப்பனுக்கும் நினைவுக்கல் உண்டு. ஒரு சமயம் அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

அனுமதிச் சீட்டில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் கைதாவதற்காக, அக்டோபர் கடைசியில் வேலைநிறுத்தக்காரர்களின் நடை நியூகாசலிலிருந்து சார்லஸ்டவுனுக்குத் தொடங்கியது. 36 மைல். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் பட்டு, மற்றொன்று தாய் ஓடையைக் கடக்கும்போது கைதவறித் தண்ணீரில் விழுந்து. தாய்மார்கள் நிற்காமல் நடந்தார்கள். இன்று அதே தொலைவைக் காரில் ஒரு மணிக்குள் கடந்துவிடலாம். லெய்ங்ஸ் நெக் கணவாயில் ஏறும்போது இடதுபுறம் மஜூபா மலை தெரியும். முதல் போயர் போரில், 1881 பிப்ரவரி 27ஆம் தேதி, ஆங்கிலேயர் தோற்ற மலை. அதன் அடிவாரத்தில் ஓநீல் குடிசை, அந்தப் போரின் சமாதானம் பேசி முடித்த இடம். அடையாளப் பலகைகள் எல்லாம் அந்தப் போருக்குத்தான். நீங்கள் கணவாயின் மேலே காரை நிறுத்தி, பிள்ளைகளைக் கொஞ்ச தூரமாவது ஏறி நடக்க வையுங்கள். தலையில் மூட்டையோடு அந்த ஏற்றத்தில் ஏறியவர்களின் வேகம் அப்போதுதான் தெரியும்.

சார்லஸ்டவுன் ஒரு காலத்தில் எல்லை ஊர், ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அந்தச் சிற்றூரின் இந்திய வணிகர்கள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தங்கள் வீடுகளைக் கொடுத்தார்கள். பள்ளிவாசல் வளாகத்தில் சமையல் நடந்தது. பெரும்பாலும் இந்துக்களான ஒரு கூட்டத்துக்கு, பகலும் இரவும் அடுப்பெரிய இடம் கொடுத்த பள்ளிவாசல் அது. நவம்பர் 6ஆம் தேதி காலையில் 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் அங்கிருந்து கிளம்பி எல்லையைத் தாண்டி வோல்க்ஸ்ரஸ்டுக்குள் நடந்தார்கள். சார்லஸ்டவுனுக்கு வேறொரு துயரமும் உண்டு. அங்கே சொந்தமாக நிலம் வாங்கி வாழ்ந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களை 1960களில் அரசு பெயர்த்து மாடடேனி போன்ற இடங்களில் கொண்டுபோய்க் கொட்டியது. ஊர் இன்று ஓய்ந்து கிடப்பதற்கு அது முக்கியக் காரணம். அங்கே நம் கதையை மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறாதீர்கள்.

நடையை நடத்திச் சென்ற காந்தியை வழியில் மூன்று முறை கைது செய்தார்கள். நவம்பர் 10ஆம் தேதி பால்ஃபோர் நிலையத்தில் மூன்று ரயில்களை நிறுத்தி, நடந்தவர்களை ஏற்றி நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள், நவம்பர் 11, டண்டி நீதிமன்றத்தில் காந்திக்கு ஒன்பது மாதம் கடுங்காவல். டண்டியை நாம் நினைவில் வைக்க இந்த ஒரு நாள் போதும். ஆனால் அதற்குப் பின் நடந்தது அதைவிட முக்கியம், அதைப் பற்றி யாரும் பலகை வைக்கவில்லை. இத்தனை பேரை அடைக்கச் சிறையில் இடமில்லை என்று, சுரங்க லைன்களையே டண்டி, நியூகாசல் சிறைகளின் கிளைகள் என்று அறிவித்தார்கள். சுற்றிக் கம்பி வலை போட்டார்கள். சுரங்கத்தின் வெள்ளைக்கார மேற்பார்வையாளர்களே சிறைக் காவலர்கள் ஆனார்கள். சுரங்க வேலையே கடுங்காவல் தண்டனை ஆனது. மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்தார்கள். வேலைக்கு வைத்தவனே சிறை வைத்தவன் ஆனான், குடியிருந்த வீடே சிறைக்கூடம் ஆனது. செய்தி தந்தியில் உலகெங்கும் போக, கடற்கரைக் கரும்புத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. 1914இல் மூன்று பவுன் வரி ஒழிந்தது, நம் திருமணங்களும் செல்லுபடியாயின.

இதனால்தான் லைன் வீடுகளின் அழிவு எனக்கு இவ்வளவு வலிக்கிறது. தளபதி விழுந்த இடத்தில் கல் நட்டிருக்கிறார்கள், அதில் குறையில்லை. ஆயிரக்கணக்கானோரைத் தங்கள் வீட்டுக்குள்ளேயே சிறைப்படுத்திய வளாகங்களில் ஒன்றையாவது, ஒரு சுவரையாவது, நிறுத்தி வைத்திருக்கலாம்.

இனி மிச்சம் இருப்பதைக் காப்பது பற்றி. 1999ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளங்கள் சட்டத்தின்படி 60 ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதி இல்லாமல் மாற்றவோ இடிக்கவோ கூடாது. நகராட்சி மயானத்துக்கு வெளியே இருக்கும் 60 ஆண்டுக்கு மேற்பட்ட கல்லறைகளுக்கும் பாதுகாப்பு உண்டு. குவாசுலு-நேட்டாலில் இதைக் கவனிக்கும் அமைப்பு அமாஃபா. நம் மக்கள் பலருக்கு இது தெரியாது. சுரங்கத்தோரம் தகரமும் மரமுமாக நம்மவர்கள் கட்டிய சிறு மாரியம்மன் கோயிலோ, பழைய தமிழ்ப் பள்ளிக் கட்டடமோ இருந்தால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். டர்பன் கேட்டோ மேனரில் இருக்கும் அம்பலவாணர் ஆலயம் 1980இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நம் கோயிலுக்கு அந்தத் தகுதி கிடைக்கும் என்பதற்கு அதுவே சான்று. திருப்பணி என்ற பெயரில் பழைய கோயிலை இடித்துச் சிமெண்டில் எழுப்பும் ஆர்வம் நல்ல மனத்தோடுதான் வருகிறது. ஆனால் முதல் செங்கலைப் பெயர்க்கும் முன் படம் எடுங்கள், அளவெடுங்கள், அமாஃபாவுக்கு எழுதுங்கள் என்று கோயில் குழுக்களிடம் நான் சொல்லிவருகிறேன். கேட்கிறவர்கள் கேட்கிறார்கள்.

கடைசியாக, புறப்படும் முன் செய்ய வேண்டியது. இதைச் செய்யாமல் போனால் டண்டியில் எந்தத் திசையில் பார்ப்பது என்றே தெரியாது. ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் இருக்கும். வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கும் காந்தி-லுதூலி ஆவண மையத்தில் இந்தப் பதிவுகளைப் பார்க்கலாம். டர்பன் ஆவணக் காப்பகத்திலும் கேளுங்கள். உங்கள் ஆயாவின் பழைய பெட்டியில் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, பாஸ் என்று எது கிடைத்தாலும் அதன் மூலையில் ஓர் எண் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எண் இல்லையென்றால் பெயரைப் பல எழுத்துக் கூட்டல்களில் தேட வேண்டும். முனுசாமி ஒரு கப்பலில் ஒரு விதமாகவும் இன்னொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருப்பார். கிராமத்தின் பெயர் வட ஆற்காடு என்று வந்தால் வியக்க வேண்டாம், நம்மவர்களில் மிகப் பலர் அங்கிருந்து வந்தவர்கள். வேலைக்கு வைத்தவர் என்ற இடத்தில் ஒரு சுரங்கக் கம்பெனியின் பெயர் இருந்தால், அதை எழுதிக்கொண்டு தலானா அருங்காட்சியகத்துக்கு முன்கூட்டியே தகவல் அனுப்புங்கள். அந்தச் சுரங்கம் எந்தப் பண்ணையில் இருந்தது, இன்று எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க அதுவே நல்ல வழி.

அங்கே போனதும் லைன் இருந்த இடத்தைவிட மயானத்தை முதலில் கேளுங்கள். அந்தக் காலத்தில் நம்மவர்கள் பலரைப் புதைத்தார்கள், பெரும்பாலும் பெயர்க்கல் இருக்காது, ஒரு கற்குவியல் மட்டும் இருக்கும். கற்களை நகர்த்தாதீர்கள், புல்லைக்கூடத் தீ வைத்துச் சுத்தம் செய்யாதீர்கள். மயானத்தின் நான்கு மூலைகளையும் தெரியும்படி படம் எடுத்து, கைபேசி காட்டும் இட அளவைக் குறித்துக்கொண்டு, பண்ணைக்காரரின் ஒப்புதலோடு அமாஃபாவுக்கு அனுப்புங்கள். இரண்டு இரவு டண்டியில் தங்கினால் தலானாவும் மயானமும் முதல் நாளிலும், நியூகாசலும் சார்லஸ்டவுனும் இரண்டாம் நாளிலும் முடியும். திரும்பும் வழியில் லேடிஸ்மித்தின் விஷ்ணு கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு வரலாம், வளாகத்தில் காந்தி சிலை உண்டு. கம்பெனியின் பெயர் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், வழி சொல்கிறேன்.